அண்ணல் அம்பேத்கரும் உள்ளாட்சியும்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையை அறியாதார் நம்முள் எவரும் இலர். ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் அவர் திருவுருவப் படத்திற்கு மாலை சூட்டி, அரசியல் சட்டத்தை வகுத்த மேதை என்றும், சாதிக் கொடுமையை எதிர்த்த வீரர் என்றும், புத்தர் நெறியைத் தழுவிய பெரியார் என்றும் பேசி மகிழ்கின்றோம். இவை யாவும் உண்மையே. ஆயினும், அவர் முதன்முதலில் ஆழ்ந்து கற்றது பொருளாதாரம் என்பதும், மத்திய சர்க்காரின் கஜானாவிலிருந்து மாகாணங்களுக்குப் பணமும் பொறுப்பும் பிரிந்து சென்ற வரலாற்றை ஒரு பெருநூலாகவே எழுதினார் என்பதும் மேடைகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜில்லா போர்டு, நகராட்சி, கிராமப் பஞ்சாயத்து ஆகிய ஸ்தல ஸ்தாபனங்களைக் குறித்து அவர் கொண்டிருந்த கருத்துகளோ அதனினும் குறைவாகவே அறியப்பட்டுள்ளன. நம் இளைஞர்கள் இந்நகரின் வார்டுகளில் வாழ்பவர்கள். வீட்டு வரியும் குடிநீரும் தெருவிளக்கும் அவர்களுடைய அன்றாட வாழ்வைத் தொடுபவை. எனவே அண்ணலின் வாழ்க்கையை இவ்வொரு வழியில் நின்று நோக்கலாம் எனக் கருதுகின்றோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைமுகாம் ஊரில் அண்ணல் பிறந்தார். நமக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையும் அத்தகைய படைமுகாம் ஊரே. நம் மக்களின் மற்றொரு தலைவரான எம்.சி.ராஜா அவர்கள் 1883இல் அங்குப் பிறந்தார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். அண்ணலின் தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார். இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். ஆசிரியத் தொழிலில் இருப்போராகிய நமக்கு இச்செய்தி தனி மகிழ்வைத் தருவதில் வியப்பில்லை. ஆயினும் ஆசிரியரின் மகனுக்குப் பள்ளியில் கிடைத்தது கோணித் துணியில் தனியிடமே. நீர் வேட்கை மிகுந்தாலும் குழாயைத் தம் கையால் அவர் தொடலாகாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டால் நீருண்டு. அவன் வாராவிடில் அன்று முழுவதும் தாகமே. பொதுப் பணத்தில் நடைபெற்ற பள்ளியில், பொதுக் குழாயில், ஒரு குழந்தைக்கு நீர் மறுக்கப்பட்டது என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்வோமாக. இனி வரும் செய்திகள் பலவற்றிற்கும் அதுவே வேர்.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறிப் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றபின், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகையால் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் செலிக்மன் அக்காலத்தில் வரியியலில் பெரும்புகழ் பெற்றவர். அவரிடம் பயின்ற அண்ணல், முதலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிருவாகத்தையும் நிதியையும் ஆராய்ந்து 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1921இல் எம்.எஸ்ஸி. பட்டத்திற்கு அவர் அளித்த ஆய்வுரை, இந்திய நிதியை மாகாணங்களுக்குப் பரவலாக்கியது பற்றியதேயாகும். 1925இல் பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய அவருடைய நூல் இலண்டனில் அச்சேறியது. செலிக்மன் முன்னுரை வழங்கினார். உதவித்தொகை அளித்த பரோடா மன்னருக்கு நூல் படைக்கப்பட்டது. கொலம்பியாவின் டாக்டர் பட்டம் 1927இல் முறைப்படி அவருக்கு வழங்கப்பட்டது.

அந்நூல் எதைக் கூறுகிறது என்பதை இளைஞர் பொருட்டுச் சற்று விரித்துரைப்போம். 1833ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய இராஜதானிகள் தத்தம் வரவு செலவைத் தாமே நடத்தி வந்தன. அச்சட்டம் வந்தபின் சட்டமியற்றும் அதிகாரமும் பண அதிகாரமும் கல்கத்தாவிற்குச் சென்றன. சென்னைக் கவர்னர் ஒரு புதிய உத்தியோகத்தை ஏற்படுத்தவும் கல்கத்தாவின் முன் அனுமதி வேண்டியிருந்தது. விளைவு யாது? வரி வசூலிப்பவர் ஒருவர், செலவிடுபவர் வேறொருவர் என்றாயிற்று. ஒரு பெரிய கூட்டுக்குடும்பத்தில் பெட்டிச்சாவி மூத்தவரிடம் இருக்க, தம்பியர் நால்வரும் ஆளுக்கு ஒரு தேவையைச் சொல்லி உரக்கக் கேட்பவர்க்கே மிகுதியாகக் கிடைக்கும் என்ற நிலை ஏற்பட்டால், சிக்கனமாக வாழ்பவன் ஏமாளியாவான் அல்லவா? மாகாணங்களின் நிலை அதுவாயிற்று. மிச்சம் பிடித்த மாகாணத்திற்குப் பயனில்லை. கூக்குரலிட்ட மாகாணத்திற்கே பணம். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் மத்திய கஜானாவில் பற்றாக்குறை மேலும் பெருகியது.

இந்நிலையில் வைசிராய் மேயோ பிரபு 1870 டிசம்பரில் ஒரு திட்டத்தை வெளியிட்டார். சிறை, பத்திரப் பதிவு, போலீஸ், கல்வி, மருத்துவம், சாலை முதலிய இலாகாக்கள் மாகாணங்களிடம் ஒப்படைக்கப்பட்டு, அவற்றிற்கென ஒரு குறித்த தொகையும் கொடுக்கப்பட்டது. தொகை போதாவிடில் மாகாணங்கள் உள்ளூரில் வரி தண்டிக்கொள்ளலாம். 1877 முதல் தொகைக்குப் பதிலாகச் சில வருமானங்களே கொடுக்கப்பட்டன. 1882 முதல் வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை வந்தது. இம்மூன்று படிகளையும் ஆண்டுவாரியாகக் கணக்குப் புள்ளிகளுடன் அண்ணல் பிரித்துக் காட்டினார். மேலிடத்தார் அதிகாரத்தைப் பகிர்ந்தது கொடையுள்ளத்தால் அன்று. கஜானா தள்ளாடியதால் சுமையின் ஒரு பகுதியைக் கீழே இறக்கினர் என்பது அந்நூலைக் கற்போர் எவர்க்கும் விளங்கும்.

நம் சென்னை இராஜதானியிலும் இதன் எதிரொலி உடனே கேட்டது. 1871இல் ஸ்தல நிதிச் சட்டமும் நகர அபிவிருத்திச் சட்டமும் இயற்றப்பட்டன. ரிப்பன் பிரபு 1882 மே 18ஆம் நாள் வெளியிட்ட ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தின் பின், 1884இல் ஸ்தல போர்டுகளுக்கும் ஜில்லா நகராட்சிகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. ரிப்பன் மாளிகை என்று நம் மாநகராட்சிக் கட்டடம் பெயர் பெற்றிருப்பதன் காரணம் இதுவே. ஆனால் அம்மன்றங்களுக்கு வாக்களிக்கும் உரிமை வரி செலுத்துவோர்க்கே உரியதாக இருந்தது. நிலமும் வீடும் இல்லாத நம் முன்னோர் அங்கு எவ்வாறு நுழைய இயலும்? தில்லியிலும் கல்கத்தாவிலும் இருந்த அதிகாரம் ஊருக்கு வந்தபோது, அது ஊரில் ஏற்கெனவே நிலமும் சாதியும் உடையவர்கள் கையில்தான் வந்து சேர்ந்தது. பரவலாக்கத்தின் கணக்கை நுணுகிக் கற்ற அண்ணல், இந்தியா திரும்பியபின் எதிர்கொண்ட கேள்வி இதுவேயாகும்.

1923 ஆகஸ்டு 4ஆம் நாள் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே என்பவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தால் கட்டப்பட்ட அல்லது பராமரிக்கப்படும் கிணறு, குளம், சத்திரம், பள்ளி, மருந்தகம், நீதிமன்றம் ஆகிய யாவற்றையும் தீண்டாதார் எனப்பட்ட மக்கள் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் பிறந்தது. கொலாபா ஜில்லாவிலிருந்த மகத் நகராட்சி 1924 ஜனவரியில் தன் சவதார் குளத்தை யாவருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளத்தில் இறங்கத் துணிந்தவர் எவருமிலர். 1926 ஆகஸ்டு 5ஆம் நாள் போலே மற்றொரு தீர்மானம் கொணர்ந்தார். முன்னைய தீர்மானத்தை நடைமுறைப்படுத்த மறுக்கும் நகராட்சிகளுக்கும் ஸ்தல போர்டுகளுக்கும் அரசு மானியம் அளிக்கலாகாது என்பதே அது. உரிமையைச் சொல்லளவில் அறிவிப்பதோடு நில்லாது, நகராட்சியின் பணப்பையோடு அதனைப் பிணைத்த இத்தீர்மானத்தை நாம் மிக உயர்வாக மதிக்கின்றோம்.

நம் மாகாணத்திலும் அதே காலத்தில் இம்முயற்சி நடைபெற்றது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் கோயம்புத்தூர் ஆர்.வீரையன் அவர்களும் சென்னைச் சட்டமன்றத்தில் முயன்று, பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றில் நம் மக்களுக்குத் தடையில்லை என்பதை நிலைநாட்டினர். பம்பாயும் சென்னையும் ஒரே நேரத்தில் ஒரே கதவைத் தட்டின எனலாம். இரட்டைமலையார் பின்னர் அண்ணலுடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவர் என்பது நாம் பெருமையுடன் கூறிக்கொள்ளத்தக்கது.

மகத் நகராட்சித் தலைவராக இருந்த சுரேந்திரநாத் திப்னிஸ் உயர்சாதியில் பிறந்தவரேயாயினும் நம் பக்கம் நின்றவர். 1927 மார்ச்சு 19, 20ஆம் நாட்களில் அங்கு மாநாடு கூடியது. இரண்டாம் நாள், ஆயிரக்கணக்கான மக்கள் பின்தொடர, அண்ணல் சவதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். ஆடு மாடுகளும் நீர் குடித்து வந்த குளம் அது! மக்கள் கோயிலுக்குள்ளும் நுழையப் போகின்றனர் என்ற வதந்தியைக் கிளப்பி, ஊர் திரும்பிக்கொண்டிருந்தோரைச் சாதி வெறியர் தாக்கினர். பின்னர்ச் சாணமும் கோமியமும் கலந்து ஊற்றிக் குளத்திற்குத் தீட்டுக் கழித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் மகத் நகராட்சி தன் பழைய தீர்மானத்தை இரத்துச் செய்தது. ஊர்மன்றம் கொடுத்ததை ஊர்மன்றமே பறித்துக்கொண்டது. டிசம்பரில் மீண்டும் கூடிய மாநாட்டில் மனுநூல் தீயிலிடப்பட்டது. ஆனால் அதற்குள் எதிர்த்தரப்பார் நீதிமன்றம் சென்று தற்காலிகத் தடை பெற்றிருந்தமையால், அண்ணல் குளத்திற்குச் செல்லாது மக்களைத் தடுத்து நிறுத்தினார். சட்டத்தின் வழியிலேயே வெல்ல வேண்டும் என்ற உறுதி அது. வழக்குப் பத்தாண்டு நடந்தது. தொன்றுதொட்டு வந்த வழக்கம் என எதிர்த்தரப்பார் கூறியது மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1937 மார்ச்சு 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு குவளை நீருக்குப் பத்தாண்டு! தாங்கல் என்றால் சிறு ஏரி என்பதை ஈக்காட்டுத்தாங்கலில் வாழும் நாம் அறிவோம். ஊரின் பெயரிலேயே நீரைக் கொண்டிருக்கும் நமக்கு மகத் குளத்தின் கதை தொலைவான கதையன்று.

1927இல் அண்ணல் பம்பாய்ச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். அவ்வாண்டு மார்ச்சிலேயே கல்வி மானியத்தின்மீது அவர் ஆற்றிய உரை ஆசிரியர் யாவரும் அறியத்தக்கது. கல்விக்கென அரசு தலைக்கு 14 அணா செலவிடுகிறது. ஆனால் கள், சாராய வரியாக மக்களிடமிருந்து தலைக்கு 2 ரூபாய் 2 அணா 9 பை பெறுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். குடிப்பவனிடம் வாங்கும் பணத்தையேனும் அவன் குழந்தையின் கல்விக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் வாதம். ஆரம்பக் கல்வியை ஸ்தல போர்டுகளிடம் ஒப்படைப்பது குறித்தும் அவர் கடும் ஐயம் கொண்டிருந்தார். நம் குழந்தையைத் திண்ணையில் உட்கார வைப்பவரே போர்டு உறுப்பினராக இருக்குமிடத்து, அவரிடம் பள்ளியைக் கொடுத்தால் என்னாகும்? 1928இல் சைமன் கமிஷனுக்கு அளித்த விண்ணப்பத்தில், ஒடுக்கப்பட்டோர் கல்வியை மாகாண வருவாயின் முதற் செலவாகக் கொள்ளவேண்டும், கல்வி மானியத்தில் நியாயமான பங்கை அவர்களுக்கெனத் தனியே ஒதுக்கவேண்டும் என்று கேட்டார். இன்று வரவு செலவுத் திட்டத்தில் சிறப்பு ஒதுக்கீடு என்று நாம் வழங்கும் சொல்லின் கருத்து அன்றே அங்கு இருந்தது.

அதே 1928இல் மகார் வதன் சட்டத் திருத்தத்தையும் அவர் கொணர்ந்தார். நம் பக்கத்தில் வெட்டியான், தலையாரி வேலைகள் எவ்வாறோ, அவ்வாறே மராட்டியத்தில் மகார் மக்கள் சர்க்காருக்கும் ஊருக்கும் இரவு பகலாக ஊழியம் செய்தனர். கூலியோ சிறுதுண்டு மானிய நிலமும் ஊரார் மனமிருந்தால் போடும் தானியமும்தான். சர்க்கார் வேலைக்குச் சர்க்காரே சம்பளம் தரவேண்டும் என்பதே அவர் கேட்டது. அம்மசோதா அன்று நிறைவேறவில்லை.

பூனா ஒப்பந்தம் கையெழுத்தான இரு வாரத்திற்குள், 1932 அக்டோபரில், பம்பாய்ச் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா விவாதத்திற்கு வந்தது. அண்ணல் பஞ்சாயத்தை எதிர்த்தவர் என்று சிலர் ஒரே வரியில் சொல்லிவிடுவதுண்டு. அது முழு உண்மையாகாது. அதிகாரத்தைக் கீழே பகிர்ந்தளிக்கும் கொள்கைக்குத் தாம் எதிரியல்லர் என்பதை அவர் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார். அவர் எதிர்த்தவை இரண்டு. ஒன்று, ஒடுக்கப்பட்டோர்க்குத் தனியிடம் ஒதுக்காத பஞ்சாயத்து. வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை கொடுத்துவிட்டால் போதும் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. ஊரில் பத்து வீடு உடைய நம்மவர், நூறு வீடு உடையவர்க்கு எதிரே வாக்குச்சீட்டு ஒன்றால் என் செய்ய இயலும்? மற்றொன்று, வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துக்கு வழங்குதல். சாதிப்பிளவு நிறைந்த ஊரில், வாக்கு வேண்டி நிற்பவனே நீதிபதியாகவும் அமர்ந்தால் ஏழைக்கு நீதி கிடையாது என்பது அவர் துணிபு. பஞ்சாயத்தைப் புனிதப் பொருளாக எண்ணிய காலத்தில் இதனைக் கூறுதற்குத் துணிவு வேண்டும்.

இடைப்பட்ட ஆண்டுகளின் செய்திகள் பலரும் அறிந்தவை, விரைந்து கடப்போம். 1942 முதல் 1946 வரை வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் நல உறுப்பினராக இருந்தார். 1944 செப்டம்பரில் சென்னைக்கு வந்தார். அவர் தொடங்கிய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தின் தலைவரான என்.சிவராஜ் அவர்கள் 1945இல் நம் சென்னையின் மேயரானார். அதே ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அண்ணல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். கல்விக் கழகம் ஒன்றின் வெள்ளி விழாவைக் கொண்டாடும் நாம் இதனை மறத்தலாகாது.

1947இல் அரசியல் நிருணய சபைக்கென அவர் எழுதிய விண்ணப்பத்தில், சட்டமன்றங்களில் மட்டுமன்றி நகராட்சிகளிலும் ஸ்தல போர்டுகளிலும் நம் மக்களுக்கு இடங்கள் வரையறுக்கப்பட வேண்டும் எனக் கேட்டார். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் சட்ட நகலை முன்வைத்துப் பேசுகையில், கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாகக் கொள்ளாது தனிமனிதனைக் கொண்டமைக்காக மகிழ்வு தெரிவித்தார். சபையில் பலர் சினந்தனர். சின்னாட்களில் நம் மாகாணத்தைச் சேர்ந்த கே.சந்தானம், அரசு கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க முயலவேண்டும் என்ற திருத்தத்தைக் கொணர்ந்தபோது, அண்ணல் அதனை ஏற்றுக்கொண்டார். அதுவே 40ஆம் விதி. தம் கருத்தை மாற்றிக்கொள்ளாமலே சபையின் கருத்துக்கு இடமளித்த பெருந்தன்மை என்று இதனை நாம் கொள்கின்றோம்.

இனி 15ஆம் விதியின் இரண்டாம் பிரிவை இளைஞர்கள் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். அரசுப் பணத்தால் முழுமையாகவோ ஓரளவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றில் சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்று அது விதிக்கிறது. 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் போலே கொணர்ந்த தீர்மானத்தின் கருத்தே இது. மகத் நகராட்சி இரத்துச் செய்ததை எந்த நகராட்சியும் இனி இரத்துச் செய்ய இயலாத இடத்தில் வைத்துவிட்டார் அண்ணல். மாகாண நிதியைப் பற்றி நூலெழுதியவர் தலைமையில் உருவான அச்சட்டத்தின் 280ஆம் விதி, ஐந்தாண்டுக்கொருமுறை நிதிக் கமிஷன் அமைக்கப்பட வேண்டும் என்கிறது. முதற் கமிஷன் 1951இல் கே.சி.நியோகி தலைமையில் அமைந்தது. மத்திய சர்க்காரின் பணம் மாநிலங்களுக்குத் தயவாக அன்றி விதிப்படி செல்ல வழி பிறந்தது. ஆனால் உள்ளாட்சி மன்றங்களில் இட ஒதுக்கீடு என்ற அவர் கோரிக்கை 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல், அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார்.

அவர் மறைந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1992இல் நிறைவேறிய 73, 74ஆவது திருத்தங்கள் அக்கோரிக்கையை அரசியல் சட்டத்தில் ஏற்றின. பஞ்சாயத்திலும் நகராட்சியிலும் மக்கள் தொகைக்கேற்ப நமக்கு இடங்கள், தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீடு, உள்ளாட்சிக்குப் பணம் பகிர மாநில நிதிக் கமிஷன் ஆகியவை வந்தன. தமிழகத்தில் 1996இல் தேர்தல் நடந்தது. மேலூர் வட்டம் மேலவளவில் ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு வந்த முருகேசன் 1997 ஜூன் 30ஆம் நாள் தம்முடன் வந்தோர் சிலருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 2006 வரை பத்தாண்டுகள் ஒதுக்கப்பட்ட பதவிகளுக்கு முறையான தேர்தலே நடத்த இயலவில்லை. 1932இல் அண்ணல் கிராமத்தைப் பற்றிக் கொண்ட அச்சம் மிகையானது என்று கூறுவோர் இவ்வூர்களின் வரலாற்றைப் படிக்கட்டும். மறுபுறம், 2022இல் சென்னை மேயர் பதவி நம் இனப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, ஆர்.பிரியா அவர்கள் ரிப்பன் மாளிகையில் பொறுப்பேற்றார். வரி கட்டுவோர்க்கு மட்டுமே வாக்கு என்றிருந்த மன்றங்களின் வரலாற்றில் இது சிறிய செய்தியன்று.

அண்ணலின் மாகாண நிதி நூல், மகாராட்டிர அரசு 1989இல் வெளியிட்ட அவர் எழுத்துகளின் ஆங்கிலத் தொகுப்பில் ஆறாம் தொகுதியாக உள்ளது. கல்லூரியில் பொருளியல் பயிலும் நம் பிள்ளைகள் அதனைத் தேடிப் படித்தல் வேண்டும். நம் கழகத்தின் செயற்குழுவினர் அத்தொகுதியையும், ஆண்டுதோறும் மாநகராட்சி வெளியிடும் வரவு செலவுத் திட்டப் புத்தகத்தையும் படிப்பகத்தில் ஓர் அலமாரியில் அருகருகே வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.